குழந்தையின் நாட்டமும் கல்வியின் அமைப்பும்

வானம் தெளிந்திருக்கும் நாளில் திருவனந்தபுரம் நகரின் மேட்டிடமொன்றில் நின்று கிழக்கே நோக்கினால், அகத்தியர் மலைத்தொடர் நீலநிறமாய் நிமிர்ந்து நிற்பதைக் காணலாம். அம்மலைச் சாரலில் காணி மக்கள் வாழ்கின்றனர். தமிழும் மலையாளமும் கலந்தது போன்ற பேச்சுமொழி அவர்களுடையது. 1987-ஆம் ஆண்டில் அறிவியலறிஞர் குழுவொன்று அம்மலைமீது ஏறிற்று. மலைவாழ் மக்கள் எந்தெந்தச் செடி கொடிகளை எவ்வெவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்று ஆராய்வது அக்குழுவின் நோக்கம். காணி மக்கள் சிலர் அதற்கு வழிகாட்டிகளாக உடன் சென்றனர். ஏற ஏற அறிஞர்கள் களைத்தனர். வழிகாட்டிகள் களைப்பின்றி நடந்தனர். இடையிடையே அவர்கள் சிறு கனி ஒன்றை வாயிலிட்டு மென்று வந்ததை அறிஞர்கள் கண்டனர். தாமும் கேட்டுப் பெற்று உண்டு, சோர்வு நீங்கப் பெற்றனர்.

ஆரோக்கியப்பச்சை என்று இன்று வழங்கும் செடியின் கனி அது. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையத்தார் அச்செடியை அடிப்படையாகக் கொண்டு 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கினர். 1995-ஆம் ஆண்டில் அதனைச் செய்து விற்கும் உரிமை ஆயுர்வேத மருந்து நிறுவனமொன்றுக்கு அளிக்கப்பட்டது. அதனால் வரும் ஊதியத்தில் பாதியைக் காணி மக்களுக்கே உரியதாக்கினர். அதனைப் பேண 1997-இல் அம்மக்களுக்கென அறக்கட்டளை ஒன்றும் பதிவு செய்யப்பட்டது. மலைமக்களின் அறிவுக்கு உரிய விலையைக் கொடுத்த முன்னோடி ஏற்பாடு என உலக நாடுகள் பலவற்றில் இது இன்றும் பேசப்படுகின்றது.

இச்செய்தியைக் கேட்டபின் நம் உள்ளத்தில் ஒரு வினா எழவேண்டும். அந்த வழிகாட்டிகளுள் ஒருவருடைய மகன் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்திற்கு வருகின்றான் என்று கொள்வோம். நூறு செடிகளை இலையின் மணத்தாலேயே பிரித்தறிய வல்லவன் அவன். ஆயினும் தாவரவியல் பாடத்தில், இலையின் பகுதிகளைப் படம் வரைந்து பெயரெழுதுக என்று வினாத்தாள் கேட்கும்போது, அப்பெயர்களை அறியாமையால் அவன் நான்கு மதிப்பெண்ணை இழக்கின்றான். செடியைக் கண்டே அறியாத நகரத்துச் சிறுவன் அந்த நான்கு மதிப்பெண்ணையும் பெற்றுவிடுகின்றான். யாருடைய அறிவு குறைபட்டது? பள்ளியின் அளவுகோல் குறைபட்டது என்றே நடுநிலையாளர் கூறுவர்.

ஆதலின், ஒவ்வொரு குழந்தையின் இயல்பையும் நாட்டத்தையும் அறிந்து அதற்கேற்பக் கல்வியை அமைத்தல் வேண்டும் என்னும் கருத்து எவருக்கும் எளிதில் உடன்பாடாகும். ஆனால், அதனை நடைமுறையில் எங்ஙனம் அமைப்பது என்று ஆராயப் புகும்போதுதான் இடர்கள் தோன்றுகின்றன. எல்லாக் குழந்தைகளையும் ஒரே அச்சில் வார்ப்பது ஒரு பிழை. 'இக்குழந்தைக்கு இதுவே இயல்பு' என்று முன்கூட்டியே முடிவு கட்டி, மற்றக் கதவுகளை அடைத்துவிடுவது மற்றொரு பிழை. முதற்பிழையைப் பலரும் அறிவர். இரண்டாவது பிழை நன்மையின் உருவில் வருவதால், அதனைக் கண்டறிவார் சிலரே. இவ்விரண்டையும் நீக்கி நடக்கும் வழி யாது என்பதே நாம் இங்கே எண்ணிப்பார்க்க வேண்டுவது.

இதற்கு முதற்கண் பள்ளியின் வாயிலிலிருந்தே தொடங்கவேண்டும். திருவிதாங்கூரில் 1817-ஆம் ஆண்டு, ராணி கௌரி பார்வதி பாயின் ஆட்சியில், மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்கவேண்டும் என்னும் ஆணை பிறந்தது. அக்காலத்திற்கு அது மிகவும் முற்போக்கான ஆணையே. ஆயினும், ஆணை பிறந்து எண்பது ஆண்டுகள் கடந்த பின்னும் புலையர் முதலிய மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிவாயில் திறக்கவில்லை. வெங்ஙானூரில் 1863-இல் பிறந்த ஐயன்காளி அதனை எதிர்த்து எழுந்தார். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிடில் வயலில் இறங்கமாட்டோம் என்று உழவுத் தொழிலாளரை உறுதியாக நிற்கச் செய்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், பஞ்சமி என்னும் சிறுமியைக் கையைப் பிடித்து ஊரூட்டம்பலத்துப் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். அதனைப் பொறாதவர்கள் அப்பள்ளிக்குத் தீ வைத்தனர். பாதி எரிந்த பெஞ்சு ஒன்று இன்றும் அங்கே காக்கப்படுகின்றது. 2022-ஆம் ஆண்டில் அப்பள்ளிக்கு ஐயன்காளி, பஞ்சமி ஆகிய இருவர் பெயரும் சூட்டப்பட்டன.

ஐயன்காளி எழுதப் படிக்கக் கற்கும் வாய்ப்புப் பெறாதவர். இருந்தும், மக்களைத் திரட்டும் ஆற்றலும், பேசும் ஆற்றலும், திருவிதாங்கூர்ச் சட்டமன்றமாகிய ஸ்ரீமூலம் பிரஜா சபையில் தம் மக்களுக்காக வாதிடும் ஆற்றலும் அவரிடம் நிறைந்திருந்தன. அவருடைய இயல்பான ஆற்றலை எவரும் புகழலாம். எனினும், அவர் தம் மக்களுக்காகக் கேட்டது எழுத்தும் எண்ணுமே என்பதை மறத்தலாகாது. குழந்தையின் தனித்திறமையைப் போற்றுகின்றோம் என்று கூறிக்கொண்டு, எழுத்தையும் எண்ணையும் ஒரு குழந்தைக்கேனும் மறுப்போமாயின், எரிந்த அந்தப் பெஞ்சின்மீது நாமும் ஒரு கொள்ளியை வைத்தவர் ஆவோம். எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான தளம் ஒன்று வேண்டும். தனித்தனி மாடங்கள் அத்தளத்தின்மேல் எழும்பவேண்டுமேயன்றி, தளத்திற்கு மாற்றாக எழும்புதல் கூடாது.

இனி, தனித்திறமையை வளர்க்க முனைந்தவர்களின் முயற்சிகளைக் காண்போம். திருவனந்தபுரத்திற்கு வடகிழக்கே, நெடுமங்காட்டிற்கு அப்பால், வெள்ளநாடு என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1956-ஆம் ஆண்டு 'மித்ரநிகேதன்' என்னும் நிறுவனம் தோன்றிற்று. நண்பர்களின் இல்லம் என்பது அப்பெயரின் பொருள். கேரளம் தனி மாநிலமாகவும், கன்னியாகுமரி தமிழகத்தோடும் இணைந்த அதே ஆண்டு அது. அதனைத் தொடங்கிய கே. விசுவநாதன் வெள்ளநாட்டிலேயே பிறந்தவர், சாந்திநிகேதனில் பயின்றவர், மேலைநாடுகளுக்கும் சென்று அங்குள்ள கல்வி முயற்சிகளை நேரில் கண்டவர். 2014-இல் அவர் மறைந்தார். மலைவாழ் குடும்பங்களிலிருந்தும் வறிய குடும்பங்களிலிருந்தும் வந்த பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளியொன்றை அவர் அங்கே அமைத்தார். வகுப்பறையை அடுத்தே தோட்டமும் மாட்டுப்பண்ணையும், நெசவுக்கூடமும் மண்பாண்டச் சக்கரமும், ரொட்டி சுடும் அடுமனையும் இருந்தன. ஏட்டைத் திறக்கும் கை மண்ணையும் நூலையும் மாவையும் தொடவேண்டும் என்பது அவருடைய கொள்கை.

இக்கொள்கைக்கு மூன்று ஊற்றுகள் உண்டு. முதலாவது தாகூரின் சாந்திநிகேதன். 1901-இல் ஒருசில மாணவரோடு மரநிழலில் தொடங்கிய அப்பள்ளியில், இசையும் ஓவியமும் இயற்கையோடு பழகுதலும் பாடங்களுக்கு இணையான இடத்தைப் பெற்றன. அதன் அருகே 1922-இல் எழுந்த ஸ்ரீநிகேதன் கிராமத் தொழிலையும் உழவையும் கல்வியோடு இணைத்தது. இரண்டாவது காந்தியடிகளின் ஆதாரக் கல்வி. 1937-இல் வார்தாவில் கூடிய மாநாட்டில் உருப்பெற்ற அத்திட்டம், கைத்தொழிலையே மையமாக வைத்து மற்றப் பாடங்களை அதனின்றும் விரித்துரைக்க முயன்றது. மூன்றாவது டென்மார்க்கு நாட்டின் மக்கள் உயர்பள்ளி. குரூண்ட்விக் என்னும் சமய அறிஞரின் எண்ணத்திலிருந்து பிறந்த அவ்வகைப் பள்ளிகளுள் முதலாவது 1844-இல் ரோடிங் என்னும் ஊரில் தொடங்கிற்று. தேர்வு இல்லை, பட்டம் இல்லை. உழவர் வீட்டு இளைஞர் சில மாதங்கள் ஒன்றாகத் தங்கி, உரையாடியும் பாடியும் படித்தும் தம்மைத் தாமே கண்டறிந்தனர். மித்ரநிகேதனிலும் 1996-இல் மக்கள் கல்லூரி ஒன்று அம்முறையைத் தழுவித் தொடங்கப்பட்டது.

இவை யாவும் குழந்தையின் கைக்கும் கண்ணுக்கும் இடமளித்தன. ஆயினும், முப்பது பிள்ளைகள் கொண்ட வகுப்பில் ஒவ்வொருவருடைய நாட்டத்தையும் ஆசிரியர் எவ்வாறு அறிவது? இதற்கு விடை கூறியவர் இத்தாலி நாட்டு மருத்துவரான மரியா மாண்டிசோரி அம்மையார். ரோம் நகரில் ஏழைமக்கள் வாழ்ந்த பகுதியொன்றில் 1907-இல் அவர் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அவருடைய வாழ்வின் முக்கியமான ஆண்டுகள் நம் தமிழ்நாட்டில் கழிந்தன என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது. 1939-ஆம் ஆண்டு பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று அவர் சென்னை அடையாற்றுக்கு வந்தார். ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்துக்கொண்டிருந்தபோது, 1940-இல் இத்தாலி போரில் இறங்கிற்று; பகை நாட்டவர் என்பதால் அவர் ஊர் திரும்ப இயலவில்லை. பின்னர்க் கோடைக்கானலில் தங்கி, வெவ்வேறு வயதுக் குழந்தைகளை ஒன்றாக வைத்துக் கற்பித்து, தம் முறையை மேலும் விரிவாக்கினார்.

அவர் முறையின் சாரம் எளியது. குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில், ஒழுங்காக, பலவகைக் கருவிகளை அடுக்கி வைக்கவேண்டும். எதை எடுப்பது என்பதைக் குழந்தை தேர்ந்துகொள்ளும். எடுத்த பொருளோடு எவ்வளவு நேரம் ஈடுபடுவது என்பதையும் குழந்தையே முடிவு செய்யும். அவ்வேளையில் ஆசிரியர் செய்யவேண்டிய தலையாய வேலை கவனித்தல். எந்தப் பிள்ளை எதை நாடுகின்றது, எங்கே தயங்குகின்றது, எதனைத் திரும்பத் திரும்பச் செய்கின்றது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுதல். குழந்தையின் நாட்டத்தை நாம் ஊகித்துச் சொல்லவேண்டுவதில்லை. வாய்ப்பைக் கொடுத்துவிட்டுக் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் அது தானே வெளிப்படும்.

இது செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே இயலும் என்று சிலர் கருதலாம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் வரலாறு அதற்கு விடை கூறும். ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகேயுள்ள ரிஷி வேலியில், ஓராசிரியர் பள்ளிகளுக்கென அட்டைவழிக் கற்பிக்கும் முறை ஒன்று வளர்ந்திருந்தது. அதனைத் தழுவி, எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, 2003-இல் மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. 2007-08 கல்வியாண்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்திற்கும் அது பரவியது. பாடநூல் சிறுசிறு அட்டைகளாகப் பிரிந்தது; அட்டைகள் ஏணிப்படிகளாக அமைந்தன. ஒரு படியை முடித்த பிள்ளை அடுத்த படிக்குத் தானே சென்றது. காய்ச்சலால் இரண்டு வாரம் வராத பிள்ளை, விட்ட படியிலிருந்தே தொடங்கலாம். பிள்ளைகள் பாயில் அமர்ந்தனர்; ஆசிரியரும் அவர்களோடு தரையில் அமர்ந்தார்; சுவரின் கீழ்ப்பகுதியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுதக் கரும்பலகையில் இடம் கிடைத்தது.

இம்முறையின் நன்மை பெரிது, எல்லையும் உண்டு. ஏணியில் ஏறும் வேகம் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறாயிற்று. ஏணி மட்டும் எல்லார்க்கும் ஒன்றாகவே இருந்தது. வேகத்திற்கு இடமளிப்பது நாட்டத்திற்கு இடமளிப்பதாகாது. ஏறும் வேகம் தன்னுடையதாவதோடு, ஏறிச் சேரும் இடத்தையும் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை, பிள்ளை வளர வளர அதற்கு வரவேண்டும். எனினும், ஒரு பெரிய மாநிலத்தின் ஏழை எளியவர் பள்ளிகளிலேயே வகுப்பறையின் அமைப்பை மாற்ற இயலும் என்பதை அம்முயற்சி மெய்ப்பித்தது.

இனி இரண்டாவது பிழையைப் பற்றிச் சிந்திப்போம். 1953-ஆம் ஆண்டில், இராஜாஜி சென்னை மாநில முதலமைச்சராக இருந்தபோது, கிராமத் தொடக்கப்பள்ளிகளில் புதிய திட்டமொன்றைக் கொண்டுவந்தார். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளி. எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கவேண்டும். ஒரே கட்டடத்தில், ஒரே ஆசிரியரைக் கொண்டு, இருமடங்கு பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பதும், உடலுழைப்பின் மதிப்பைப் பிள்ளைகள் உணர்வர் என்பதும் அவர் கூறிய காரணங்கள். ஆயின், குயவர் மகன் குயவனாகவும் வண்ணார் மகள் வண்ணாத்தியாகவுமே வளரவேண்டுமா என்று நாடு கேட்டது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தனர். காங்கிரசுக் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு வலுத்தது. 1954-இல் இராஜாஜி பதவியினின்றும் விலகினார். அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

இதனை இங்கே நினைவுகூர்வதன் காரணம் உண்டு. கைத்தொழில் கல்வியில் தவறில்லை. வெள்ளநாட்டில் மண்பாண்டச் சக்கரம் சுழன்றதை முன்னர்க் கண்டோம். இரண்டிற்கும் வேறுபாடு என்ன? முன்னதில் சக்கரத்தின் முன் யார் அமர்வது என்பதைப் பிறப்பு முடிவு செய்தது. பின்னதில் எல்லாப் பிள்ளைகளின் முன்னும் சக்கரம் இருந்தது. குழந்தையின் இயல்பு என்று நாம் பெயரிடுவது பல வேளைகளில் குடும்பத்தின் வறுமையாகவோ, சாதியாகவோ, பெண்ணாய்ப் பிறந்ததாகவோ இருந்துவிடுகின்றது. 'இவளுக்குச் சமையலில்தான் நாட்டம்' என்று கூறும் முன், அவள் கையில் எப்போதேனும் திருகுளி கொடுக்கப்பட்டதா என்று கேட்டறிதல் வேண்டும்.

பிறப்பு செய்யும் தவற்றைத் தேர்வும் செய்யக்கூடும். இங்கிலாந்தில் 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தைத் தொடர்ந்து, பதினொரு வயதில் நடக்கும் ஒரு தேர்வைக் கொண்டு பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்தனுப்பினர். அவரவர் திறமைக்கேற்ற பள்ளி என்பதே அதன் நோக்கம். ஆனால், ஒருநாள் காலையில் எழுதிய தேர்வு வாழ்நாள் முழுவதற்கும் தீர்ப்பாகிவிட்டது. 1965 முதல் அந்நாட்டின் பெரும்பகுதி அம்முறையை விட்டு, எல்லாரும் சேர்ந்து படிக்கும் பள்ளிகளுக்கு மாறிற்று.

பிள்ளைகளை வகைப்படுத்தும் ஆசை இன்று வேறு வடிவத்தில் வருகின்றது. சில குழந்தைகள் கண்ணால் கற்பவர், சிலர் காதால் கற்பவர், சிலர் கையால் கற்பவர் என்று முத்திரையிட்டு, அந்தந்த வழியிலேயே கற்பிக்கவேண்டும் என்பர். 2008-இல் உளவியல் அறிஞர் சிலர் இக்கூற்றுக்குரிய சான்றுகளைத் தொகுத்து ஆராய்ந்து, அவ்வாறு பிரித்துக் கற்பிப்பதால் பயனுண்டு என்று கொள்ளப் போதிய ஆதாரமில்லை என்று முடிவு கூறினர். விருப்பம் வேறு, முத்திரை வேறு. வரைபடத்தைக் கண்ணாலும் இசையைக் காதாலும் நீச்சலை உடலாலும் எல்லாக் குழந்தைகளும் கற்கவேண்டியதே. மேலும், குழந்தையின் விருப்பம் கல்லில் பொறித்த எழுத்தாகாது. பழகப் பழக வளர்வது. முதல் நாளில் சுவைக்காத கணக்கு, நல்ல ஆசிரியர் கையில் மூன்றாம் மாதம் சுவைக்கும்.

இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு, நாம் விரும்பும் கல்வியமைப்பின் வரைபடத்தை ஒருவாறு தீட்டலாம்.

முதலாவதாக, முற்பகல் நேரம் பொதுவானதாக இருக்கவேண்டும். தாய்மொழி, எண், சுற்றுப்புற அறிவு ஆகியவை எல்லார்க்கும் உரியவை. ஆனால், இப்பாடங்களில் பிள்ளைகளை வயதைக் கொண்டு பிரிக்காமல், அவரவர் எட்டிய நிலையைக் கொண்டு சிறுகுழுக்களாக்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை குழுக்களை மாற்றியமைக்கவேண்டும். செயல்வழிக் கற்றலின் ஏணி இங்கே பயன்படும். தாய்மொழியே குழந்தை பள்ளிக்குக் கொண்டுவரும் முதற்செல்வம். காணிக் குழந்தை தன் பேச்சுமொழியோடு வருகின்றது. திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருத் தமிழ்க்குழந்தை தமிழோடு வருகின்றது. அச்செல்வத்தை வாயிலிலேயே கழற்றி வைத்துவிட்டு வரச் செய்யும் பள்ளி, குழந்தையின் வேறெந்தத் திறமையையும் கண்டறியப் போவதில்லை.

இரண்டாவதாக, பிற்பகல் நேரம் பட்டறைகளுக்கும் தோட்டத்திற்கும் அரங்கிற்கும் ஆய்வுக்கூடத்திற்கும் உரியது. பத்து வயது வரை ஒவ்வொரு பிள்ளையும் எல்லாவற்றையும் சுவைத்துப் பார்த்தல் வேண்டும். மண், மரம், நூல், இசை, ஓவியம், செடி, கருவி, கணிப்பொறி, விளையாட்டு ஆகிய எதையும் ஆணுக்கு இது, பெண்ணுக்கு அது என்று பிரித்தலாகாது. உண்டு பார்க்காத பண்டத்தின்மீது விருப்பம் உண்டா என்று கேட்பது பொருளற்ற வினா.

மூன்றாவதாக, பதினொன்று முதல் பதினான்கு வயது வரை பிள்ளைகள் ஒவ்வொரு பருவத்திற்கும் இரண்டு துறைகளைத் தேர்ந்து ஆழ்ந்து பயிலலாம். அடுத்த பருவத்தில் அவற்றைத் தொடரலாம், மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். மாற்றிக்கொள்வது தோல்வியாகக் கருதப்படலாகாது. பதினான்கு வயதுக்குப் பின் தேர்ந்த துறையில் நீண்ட நாள் உழைக்க வாய்ப்பளித்தாலும், பிற துறைக்குத் திரும்பும் பாலத்தை இடித்துவிடக் கூடாது. எந்த வயதிலும் எந்தத் தேர்வும் இறுதித் தேர்வன்று என்பதே இவ்வமைப்பின் உயிர்நாடி.

நான்காவதாக, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். அதில் மதிப்பெண்ணுக்கு இடமில்லை. யாரும் ஏவாமல் இப்பிள்ளை எதைச் செய்தது, எதைப் பற்றிக் கேள்வி கேட்டது, எங்கே தளர்ந்தது, யாருடைய உதவியால் மீண்டது என்பவற்றை ஆசிரியர் எழுதி வரவேண்டும். பிள்ளையும் தன் கைப்பட எழுதவேண்டும். ஆண்டுக்கு இருமுறை பெற்றோர், ஆசிரியர், பிள்ளை ஆகிய மூவரும் அதனைச் சேர்ந்து படிக்கவேண்டும். முன்னே கூறிய காணிச் சிறுவனின் செடியறிவு வினாத்தாளில் இடம்பெறாவிடினும், இக்குறிப்பேட்டில் இடம்பெறும். அவனுடைய தாத்தா ஒருநாள் பள்ளித் தோட்டத்திற்கு ஆசிரியராக வரவும் கூடும்.

ஐந்தாவதாக, திறமையைப் பந்தயமாக்கிவிடாமல் காத்தல் வேண்டும். கேரளத்தின் பள்ளிக் கலைத்திருவிழா 1957-இல் எறணாகுளத்தில் தொடங்கி, பல்லாயிரம் பிள்ளைகள் கலந்துகொள்ளும் பெருவிழாவாக வளர்ந்துள்ளது. 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த விழாவில், பணியர் ஆட்டம், இருளர் ஆட்டம், மங்கலங்களி முதலிய ஐந்து பழங்குடிக் கலைகள் முதன்முறையாகப் போட்டியில் இடம்பெற்றன. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அவ்வாட்டங்களை ஆடிவந்த பிள்ளைகளின் திறமை இப்பொழுதுதான் திறமையாகக் கணக்கிடப்பட்டது. எது திறமை என்பதை முடிவு செய்பவர் யார் என்னும் வினாவை இது எழுப்புகின்றது. அதே வேளையில், விலையுயர்ந்த உடைக்கும் பயிற்சிக்கும் பணம் செலவிட இயலாத பெற்றோரின் பிள்ளை மேடையேறத் தயங்குமாயின், திருவிழாவின் நோக்கம் தவறிப்போகும். ஆடும் மகிழ்ச்சிக்காக ஆடும் பிற்பகல்கள் பலவும், பரிசுக்காக ஆடும் நாள் ஒன்றும் என்றிருத்தலே நன்று.

'கேட்க இனிதாக இருக்கின்றது; ஆசிரியர் எங்கே, பொருள் எங்கே?' என்று வினவுவோர்க்கும் விடை கூறியாக வேண்டும். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப்பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்று விதிக்கின்றது. பாடம் செயல்களின் வழியாகவும் தாமே கண்டறிதலின் வழியாகவும் அமையவேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகின்றது. எனவே, நாம் கேட்பவற்றுள் பாதி முன்னரே நாட்டின் சட்டமாகியுள்ளது. எஞ்சிய பாதிக்குப் பெருஞ்செல்வத்தைவிட வேறொன்று மிகுதியாக வேண்டும். ஆசிரியரை எழுத்து வேலைகளிலிருந்தும் கணக்கெடுப்பு வேலைகளிலிருந்தும் விடுவித்து, பிள்ளைகளைக் கவனிக்க அவருக்கு நேரம் தருதல் வேண்டும். ஊரிலுள்ள தச்சர், நெசவாளர், செவிலியர், மீனவர், இசைவாணர் ஆகியோரை வாரத்தில் ஒரு பிற்பகல் பள்ளிக்கு அழைத்தல் வேண்டும். தேர்வின் சுமை குறையக் குறைய இவற்றிற்குரிய நேரம் தானே கிடைக்கும்.

பெற்றோரின் அச்சத்தையும் நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. வறுமையினின்றும் மீளப் பள்ளிச் சான்றிதழ் ஒன்றே வழி என்று கண்ட குடும்பம், பிள்ளையின் ஓவிய நாட்டத்தைக் கண்டு மகிழ்வதற்கு முன் அஞ்சத்தான் செய்யும். அவ்வச்சம் நியாயமானது. பொதுவான தளத்தை முதலில் உறுதியாக்குவோம் என்று நாம் வற்புறுத்தியதன் காரணமும் அதுவே. எழுத்தும் எண்ணும் எந்நிலையிலும் கைவிடப்படமாட்டா என்னும் உறுதியைப் பெற்ற தாய், மகள் களிமண்ணைப் பிசைவதைக் கண்டு அஞ்சமாட்டாள்.

இறுதியாக, அகத்தியர் மலைச் சாரலுக்கே மீண்டும் செல்வோம். அங்கிருந்து ஒரு சிறுமி பள்ளிக்கு வருகின்றாள். செடிகளை அறிந்தவள். பத்து ஆண்டுகள் கழித்து அவள் பாலோட்டு ஆராய்ச்சி நிலையத்தில் தாவரவியல் அறிஞராகலாம். மலையிலேயே தங்கி, காட்டின் காவலராகவும் மருத்துவச்சியாகவும் வாழலாம். அன்றிச் செடிகளை அறவே மறந்து, வானூர்தி ஓட்டக் கற்கலாம். இம்மூன்று வழிகளும் அவளுக்குத் திறந்திருக்கவேண்டும்; எதனைத் தேர்வது என்பது அவள் கையில் இருக்கவேண்டும். அவள் முதலில் எதைத் தேர்ந்தாலும், பின்னர் மனம் மாறி வந்து கதவைத் தட்டினால், பள்ளி அவளுக்குத் திறந்துவிட வேண்டும். குழந்தைக்கேற்ற கல்வி என்று நாம் கூறுவது இதனையே.